நூற்றுத் தொண்ணூறாவது நொடி

பதினேழு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடுவாள். தெரியாது என்ற சொல் மட்டும் வாயில் வராது. ஒரு தரம் தெரியாது என்று சொல்லிப் பார், மறுநாளிலிருந்து நாற்பது பிள்ளைகளும் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தலைமையாசிரியை எனக்குச் சொல்லித் தந்தார். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு எனக்குக் கிடைத்த வேலை, மதுரையில் ஏழு மாடி வாகனக் காப்பகம் ஒன்றின் மொட்டைமாடியில். வேலையின் பெயர் விளக்குநர். வெள்ளிக்கிழமை தவறாமல் சாயங்காலம் தென்கடற்கரையிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பும். இருபத்து நான்கு பேர் போவார்கள். நிலாவில் கம்பெனிக்குச் சுரங்கம் இருக்கிறது. அங்கே இருக்கிற தூசி இயந்திரங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். இயந்திரம் நின்றுபோனால் இன்னொன்று அனுப்ப வேண்டும், ஆள் படுத்தால் ரெண்டு நாளில் அவனே எழுந்து வேலைக்குப் போவான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மூன்று வருட ஒப்பந்தம். அதுவரை பேச முடியாது, பார்க்க முடியாது. மாதம் ஒரு சீட்டு வரும். அதில் பேர், எண், ‘நலம்’ என்று ஒரு சொல். அவ்வளவுதான்.

ஏவுதளத்தைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு ஊர்களையெல்லாம் காலிபண்ணி வேலி போட்டுவிட்டார்கள். நேரடி ஒளிபரப்பும் கிடையாது. துபாய்க்குப் போகிறவனை ஏர்போர்ட் வாசல் வரைக்காவது போய் அனுப்பலாம். இவர்களுக்கு எங்கள் மொட்டைமாடிதான் வாசல். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். தெற்கே திருப்பரங்குன்றத்து மலைக்கு இடப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எழும்பும். சத்தமே இருக்காது. நூற்றெழுபது கிலோமீட்டர் தாண்டி, சத்தம் ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நான் மைக்கைப் பிடித்து நொடிகளை எண்ணுவேன். “இப்ப முதல் அடுக்கு பிரியும், பயப்படாதீங்க” என்பேன். பொட்டு ஒரு நொடி அணைந்து மறுபடி எரியும். பெருமூச்சு விடுவார்கள்.

இதற்குச் சம்பளமா என்று கேட்காதீர்கள். அழுதுகொண்டிருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் குரல் வேண்டியிருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் அது நடந்தது. நூற்றுத் தொண்ணூறை எண்ணி முடித்தேன். மேலே போய்க்கொண்டிருந்த பொட்டிலிருந்து வெள்ளையாகச் சின்னத் துளி ஒன்று பிரிந்தது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே கீழே இறங்கியது. அதன்மேல் வெயில் பட்டு மினுங்கியது. ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

“டீச்சர்! என்னமோ கழண்டு விழுகுது டீச்சர்!”

கம்பெனி கொடுத்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கும் தெரியவில்லை. நானூறு பேர் என் முகத்தையே பார்த்தார்கள். வாய் தானாகத் திறந்தது.

“ஒண்ணுமில்ல. அது வெப்பக் கவசம். காத்து இல்லாத இடத்துக்குப் போயிட்டா கவசம் தேவையில்லல்ல? அதான் கழண்டு விழுது. நல்லபடியா மேல போயிட்டாங்கன்னு அர்த்தம். கை தட்டுங்க!”

தட்டினார்கள். நான்தான் முதலில் தட்டினேன்.

அதற்கப்புறம் அதற்குப் பூ என்று பேர் வந்தது. யார் வைத்த பேரோ. சராசரியாக நாலு வாரத்துக்கு ஒரு தரம்தான் பூ விழும். விழுந்தால் அந்த ராக்கெட்டில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் மடியில் வைத்திருக்கும் மல்லிகைச் சரத்தைக் கிள்ளி, மாடியில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் வைத்துவிடுவார்கள். விழாவிட்டால் சரத்தை அப்படியே வாழையிலையில் சுருட்டிக்கொண்டு பேசாமல் படியிறங்குவார்கள். ஏன் எங்களுக்கு விழவில்லை என்று கேட்பார்கள். மேகம் என்பேன். சூரியன் நிற்கிற கோணம் என்பேன். என்னிடம் பதிலுக்கா பஞ்சம்? ஜனங்கள் கை தட்டுகிற வீடியோவைப் பார்த்துக் கம்பெனிக்காரர்களும் சந்தோஷப்பட்டார்கள் போல. அடுத்த பதிப்புக் கையேட்டில் நான் சொன்னதை அச்சு மாறாமல் போட்டு, திண்டுக்கல், கரூர், திருச்சி மாடிகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். பக்கத்தின் அடியில், ‘மதுரை விளக்குநர் ரெஜினா கூறியது’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினேன்.

என் தம்பி பிலவேந்திரனையும் நான்தான் நிலா வேலையில் சேர்த்துவிட்டேன். அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்தவன். போன வருடம் அவன் கிளம்பியபோது பூ விழவில்லை. மைக்கை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, எந்த மேகத்தைச் சொல்வது? கவசம் கழன்றதா என்று கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டேன். ‘பயணம் வெற்றி’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. எனக்குத் திருப்தியில்லை. பூ விழுகிற வெள்ளிக்கிழமைகளில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று மாடியில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான்.

தம்பி கிளம்பிய அன்றைக்கு என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவள் சோலைமணி. மாடிப்படி அடியில் பூக்கட்டி விற்கிற பெண். இருபத்தாறு வயது. எனக்காக அவள் கட்டித் தந்திருந்த ரெண்டு முழத்தை நான் சுருட்டிக்கொண்டு போனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை, கூட்டத்தில் ஒரு புது ஆள் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். யாரையும் வழியனுப்ப வந்தவனாகத் தெரியவில்லை. கழுத்தில் பழைய கம்பெனிப் பட்டி, அட்டையைக் கழற்றிவிட்டு வெறும் பட்டியை மாட்டியிருந்தான். அன்றைக்குப் பூ விழுந்தது. மாடியே எழுந்து தட்டியது. அவன் மட்டும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். மயக்கமோ என்று ஓடினேன்.

“எதுக்கு மேடம் கை தட்டுறாங்க?” என்றான்.

புது ஆளுக்கு விளக்குவதென்றால் எனக்குக் குஷி. கவசம், காற்றில்லாத இடம், எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

“மதுரை டீச்சர்ங்கிறது நீங்கதானா?”

டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தேன். பேர் இளம்பரிதி. ஏவுதளத்தில் எடைக்கணக்குப் பிரிவில் நாலு வருடம் வேலை பார்த்தவன். போன மாதம்தான் விட்டிருக்கிறான். உள்ளே திரையில் எண்கள் மட்டும்தான் தெரியும், வெளியிலிருந்து ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமென்று வந்தானாம்.

“கவசம் மெல்லிசுத் தகடு டீச்சர். இங்கேர்ந்து கண்ணுக்குத் தெரியாது. அதுவும் ஒவ்வொரு தடவையும் கழண்டுதான் ஆகணும். பூ ஒவ்வொரு தடவையுமா விழுது?”

எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“உள்ள ஆறு கூண்டு இருக்கு. கூண்டுக்கு நாலு பேர். எரிபொருள் சொட்டுக்கூட மிச்சமில்லாமக் கணக்குப் பண்ணித்தான் ஏத்துவாங்க. மிச்சம் வெச்சா அந்த எடைக்குச் சாமான் குறையுமே. எஞ்சின் ஒண்ணு கொஞ்சம் சுணங்கினாலும் மேல போய்ச் சேராது. அதனால நூத்தித் தொண்ணூறாவது செகண்டுல கம்ப்யூட்டர் வேகத்தைப் பாக்கும். பத்தலைன்னா...”

“பத்தலைன்னா?”

“ஒரு கூண்டைக் கழட்டிவிட்டுரும். இருபது பேர் பொழைக்கணும்ல.”

“பாராசூட்டு?”

“அதுவும் எடைதானே டீச்சர்.”

டீக்கடைக்காரர் பாய்லரில் ஆவியைத் திறந்துவிட்டார். சத்தம் அடங்கியதும் கேட்டேன்.

“விழுந்தவங்க வீட்டுக்குச் சீட்டு வருதே, நலம்னு?”

“சீட்டு ராக்கெட் கிளம்புறதுக்கு முன்னாடியே அச்சாயிருக்கும். மூணு வருஷத்துக்கும் சேத்து. முதல் அணி திரும்ப இன்னும் நாலு மாசம் இருக்குல்ல. வராதவங்களுக்கு மேல விபத்து நடந்துச்சுன்னு சொல்லிக்குவாங்க. நான் வெளியில எழுதிப் போட்டேன் டீச்சர். பேர், தேதி எல்லாம் போட்டு. கம்பெனியில என்ன பதில் குடுத்தாங்க தெரியுமா? அது கவசம், மதுரையில அறிவியல் டீச்சரே விளக்கம் சொல்லியிருக்காங்கன்னு உங்க பக்கத்தைக் காட்டினாங்க. அத்தோட முடிஞ்சுச்சு.”

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு என்னைத் திட்டலாம். நான் முதலில் நினைத்தது அந்தக் கூண்டுகளை இல்லை. பிலவேந்திரனுக்குப் பூ விழவில்லை, அவன் உயிரோடு இருக்கிறான். அதுதான் முதலில் வந்தது. சிரிப்பே வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த வெட்கத்தோடுதான் அடுத்ததைக் கேட்டேன்.

“திரும்பி வர்றப்ப?”

“அப்பவும் அதே கணக்குதான். இன்னும் இறுக்கம். மேலேர்ந்து தாதுக்கல்லு ஏத்திட்டு வருவாங்கல்ல. கல்லைக் கழட்டிவிட மாட்டாங்க.”

வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்தேன். பூ விழுந்த ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பூவும் வரைந்திருந்தேன். முப்பத்தொரு பூ. பூவுக்கு நாலு பேர். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

புதன்கிழமை சோலைமணி படியேறி ஓடிவந்தாள். கையெல்லாம் வாழைநாரும் ஈரமுமாக இருந்தது.

“டீச்சர், எங்க வீட்டுக்காரர் பேரு வந்துருச்சு! இந்த வெள்ளிக்கிழமையே! ரேகை வைக்கணுமாம்ல, எங்கிட்டு வைக்கணும்?”

அவள் புருஷன் காசிமாயன் பத்து நாளாக ஏவுதள முகாமில் இருந்தான். கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் வீட்டார் சம்மத ரேகை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆளை இறக்கிவிடுவார்கள். ரேகை வாங்குகிற கருவிகளில் ஒன்று என் மேசையில்தான் இருந்தது. அதை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

“வேண்டாம் சோலை. அவரை இறக்கிக் கூட்டிட்டு வந்துரு.”

சொன்னேன். கூண்டு, எடை, நூற்றுத் தொண்ணூறாவது நொடி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். காசிமாயன் இறங்கினால் காத்திருப்பவர்களில் இன்னொருத்தன் ஏறுவான் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லவில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

“கவசம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?”

“தெரியாம சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

“ரெண்டரை வருசமாவா?”

“ஆமா.”

அவள் கொஞ்ச நேரம் தன் விரலில் சுற்றியிருந்த நாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அப்ப, பூ விழுந்தவுக எல்லாரும் செத்துட்டாக. பூ விழாத உங்க தம்பி மட்டும் நல்லாயிருக்காரு. அப்படித்தானே?”

“எல்லாரும்னு சொல்லல. நாலு பேரு...”

“நல்லாத்தான் இருக்கு டீச்சர் உங்க கணக்கு.”

“சோலை, நான் சொல்றதைக் கேளு...”

“அன்னைக்கு நாந்தானே உங்களைத் தூக்கி உக்கார வெச்சேன்? எல்லாருக்கும் விழுது, என் தம்பிக்கு மட்டும் விழலையேன்னு எம்மேல சாஞ்சு அழுதீங்கள்ல? அப்புறம் ஒவ்வொரு பூவுக்கும் உங்க மூஞ்சி போற போக்கை இந்த மாடியே பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. யாரும் ஒரு வார்த்தை கேக்கல, பாவம், கஷ்டத்துல இருக்காங்கன்னு விட்டாங்க.” அவள் குரல் உடைந்தது. “எனக்கும் விழக்கூடாதுன்னு நினைச்சுட்டீங்களே டீச்சர். நான் என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?”

“உன்மேல எனக்கென்னடி பொறாமை?”

“பொறாமைன்னு நான் சொல்லலையே. நீங்கதான் சொல்றீங்க.”

கீழே இறங்கிப் போய் வாசல் அலுவலகத்தில் ரேகை வைத்துவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கி, படியோர ஜன்னலிலிருந்து பார்த்தேன். விரலை முந்தானையில் துடைத்து, இரண்டு தரம் ஊதி, பிறகு வைத்தாள். ஈரமிருந்தால் கருவி எடுக்காது, நான்தான் சொல்லித் தந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மழை வரும் என்றார்கள். வரவில்லை. ஐந்து மணிக்கே மாடி நிறைந்துவிட்டது. சோலைமணி பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் நின்றாள், மடியில் பூப்பந்து. மாமியாரும் கொழுந்தனும் உடன் வந்திருந்தார்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. இளம்பரிதியும் வந்து பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் நின்றான்.

ஆறு பன்னிரண்டுக்கு ஆரஞ்சுப் பொட்டு எழும்பியது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். முதல் அடுக்கு பிரிந்தது. “பயப்படாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நூற்று எழுபது வந்ததும் மைக்கைக் கீழே இறக்கினேன். எண்ணாமல் விட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

யாரும் திரும்பவில்லை. அவர்களே எண்ணினார்கள். ரெண்டரை வருடமாக நான் பழக்கிய எண்ணிக்கை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நானூறு வாயில் வந்தது. நூத்தி எண்பத்தேழு. நூத்தி எண்பத்தெட்டு. மாதாவே விழக்கூடாது என்று வேண்டினேன். நூத்தி எண்பத்தொம்பது. நூத்தித் தொண்ணூறு.

விழுந்தது.

“கை தட்டாதீங்க!” மைக்கில் கத்தினேன். “யாரும் கை தட்டாதீங்க! அது கவசம் இல்ல, உள்ள ஆளுங்க இருக்காங்க! ஆளுங்க இருக்காங்க!”

அதற்குள் கைதட்டலும் குலவையும் கிளம்பிவிட்டன. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ரெண்டு பேருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் இன்னொருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“டீச்சருக்கு இன்னும் மனசு ஆறலப்பா. தம்பிக்கு விழலல்ல.”

யாரோ என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கி வைத்தார்கள். கோபமாக இல்லை, ஆதரவாகத்தான். அந்த ஆதரவைத்தான் தாங்க முடியவில்லை. வெள்ளைத் துளி சுற்றிச் சுற்றி இறங்கி, மலைக்கு அந்தப் பக்கம் சிவந்து, இல்லாமல் போனது. தொட்டியோரம் பார்த்தேன். இளம்பரிதி போய்விட்டிருந்தான்.

முன்வரிசையிலிருந்து சோலைமணி வந்தாள். வழியெல்லாம் பூ கிள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தாள். முகம் அழுது சிவந்து, அத்தனை சந்தோஷமாக இருந்தது. ஆறு கூண்டில் ஒன்று. ஆறில் ஒன்றுதான், ஆறில் ஒன்றுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

“பூ விழுந்துருச்சு டீச்சர், பாத்தீங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு ஆத்தாமையில என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?”

என்னைத் திருப்பி நிறுத்தி, ஒரு முழம் கிள்ளி, என் கொண்டையில் வைத்தாள். ஊசி தேடித் தன் தலையிலிருந்தே ஒன்றை உருவிக் குத்தினாள். ஈரப்பூ கழுத்தில் குளிர்ந்தது.

“அழகர்கோயிலுக்கு நேந்திருக்கேன் டீச்சர். எங்க வீட்டுக்காரருக்கு மட்டுமில்ல, பிலவேந்திரன் தம்பிக்கும் சேத்துத்தான். போறப்பத்தான் அவருக்குக் குடுத்துவைக்கல. திரும்பி வர்றப்ப இதே மாடியில நின்னு பாப்போம். அப்ப கண்டிப்பா விழணும்னு வேண்டிக்கிட்டேன்.” குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்தாள். “இறங்குறப்பவும் பூ விழும்ல டீச்சர்?”

பதில் வாய்வரைக்கும் வந்தது. அவள் கை என் கைக்குள் இருந்தது, பூக்கட்டிக் காய்த்துப்போன விரல்கள்.

“தெரியலம்மா” என்றேன்.

அந்தச் சொல்லை வாழ்நாளில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.